புதிய கயாக்கில் கீறல்கள்: எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: புதிய பிளாஸ்டிக் கயாக்கை, அதாவது துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறுபடகை, சில முறை உப்பங்கழியில் ஓட்டியதற்குள் அடிப்பகுதி முழுவதும் கீறல்கள் விழுந்துவிட்டன. பழுதாகிவிட்டதா?
– வாசகர், கடலூர்

பதில்: அச்சம் வேண்டாம். இத்தகைய கயாக்குகள் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கின் தூளைச் சுழலும் வார்ப்பச்சில் உருக்கி வார்க்கப்படுபவை. மணலிலும் சிப்பியிலும் உரசும்போது கோடுகள் விழுவதும், அவற்றின் ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் இழைகள் எழுந்து நிற்பதும் இயல்பே. இழைகளைக் கூரிய கத்தியால் சீவிவிடலாம். விரல் நகம் ஆழமாகச் சிக்கும் கீறல்களை மட்டும் குறித்துவைத்துக் கண்காணியுங்கள்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது பின்முனையின் அடிப்பகுதியை. முன்முனையைத் தூக்கிப் பிடித்துத் தரையில் இழுத்துச் செல்பவர்களின் கயாக்கில் அந்த இடம்தான் முதலில் தேயும். அழுத்தும்போது பிற இடங்களைவிட எளிதாக உள்வாங்கினால், சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள். இழுப்பதை இன்றே நிறுத்துங்கள். மேலே அமர்ந்து ஓட்டும் வகையானால், நீர் வடியும் துளைகளின் உட்சுவரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துளையில் செருகும் தள்ளுவண்டியில் ஏற்றும்போது அங்கே மயிரிழை விரிசல் விடுவதுண்டு. ஐயமிருந்தால், உள்ளே சில லிட்டர் நீர் ஊற்றிச் சாய்த்துவைத்து, வெளியே கசிகிறதா எனக் கவனியுங்கள். கசிந்தால் சாதாரணப் பசையை நம்ப வேண்டாம். பாலிஎத்திலீனில் அது பிடிக்காது, அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கித்தான் பற்றவைக்க வேண்டும்.