நேரம் தவறும் பாடகன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் பழைய ஹாலிவுட் இசைப் படங்களைப் பற்றி எழுதியபோது, 1932இல் வந்த 'தி பிக் பிராட்காஸ்ட்' படத்தை இரண்டு வரியில் புகழ்ந்திருந்தீர்கள். அந்த இரண்டு வரியை நம்பித் தேடிப் பார்த்தேன். ஏமாற்றம்தான். கதை என்று ஒன்று இல்லவே இல்லை. திடீரென்று ஒருவர் மைக் முன்னால் வந்து நிற்கிறார், பாடுகிறார், போகிறார். அடுத்தவர் வருகிறார். அவர்களில் பாதிப் பேருக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை. நடுவில் இரண்டு பேர் கேஸைத் திறந்துவிட்டுத் தற்கொலைக்கு முயல்வதை வேடிக்கையாகக் காட்டுகிறார்கள், அது எனக்குக் கொஞ்சமும் ரசிக்கவில்லை. வானொலித் தொழிலைப் பற்றிய படம் என்றீர்கள். அதைப் பற்றி இந்தப் படம் என்னதான் சொல்கிறது? இதே பெயரில் பின்னால் வந்த படங்களையும் பார்க்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

அன்புடன்,
எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

கதை மெலிது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. காதலில் அடிபட்ட இரண்டு பேர் குடித்துவிட்டு நண்பர்களாகிறார்கள். ஒருவன் நேரத்துக்கு வராத பாடகன், பிங் ஹார்ன்ஸ்பி (நடிப்பவர் பாடகர் பிங் கிராஸ்பி). மற்றவன் டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரன் லெஸ்லி. நண்பன் பாடுகிற நிலையம் நொடித்துப்போகும் நிலையில் இருப்பதால் லெஸ்லி அதையே விலைக்கு வாங்கிவிடுகிறான். கடைசியில் யார் யாரைக் கைப்பிடிக்கிறார் என்பதில் இயக்குநர் ஃபிராங்க் டட்டிலுக்கே பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. அதே ஆண்டு பிராட்வேயில் மேடையேறிய 'வைல்ட் வேவ்ஸ்' என்ற நாடகத்திலிருந்து எடுத்த கதை இது. நாடகம் அதிக நாள் ஓடவில்லை. பாரமவுண்ட் நிறுவனத்துக்கு வேண்டியிருந்ததும் கதையல்ல, பாடகர்கள் வந்து நிற்க ஒரு நிலையம். அவ்வளவே.

அந்தப் பாடகர்களைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். மைக் முன்னால் நின்று பாடிவிட்டுப் போகிறார்கள் என்கிறீர்கள். 1932இல் அமெரிக்கத் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த 'நிற்பது'தான் காட்சி. 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்துக் குடும்பங்களில் நான்கில் வானொலிப் பெட்டி இருந்தது. அந்த வீடுகளில் ஒவ்வொரு மாலையும் கேட்ட குரல்கள் இவை. பத்திரிகையில் அச்சான மங்கலான புகைப்படத்தைத் தவிர முகம் தெரியாது. ஆர்தர் டிரேசி என்பவரின் கதை இன்னும் விசித்திரம். சிபிஎஸ் வானொலியில் அவரை 'தெருப்பாடகர்' என்று மட்டுமே அறிவித்தார்கள், பெயரைச் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்து வைத்தார்கள். நேயர்கள் யார் யார் என்று கேட்டுத் துளைத்தெடுத்தார்கள். அப்படிப்பட்டவர் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு திரையில் வந்து நிற்கிறார் என்றால், அவர் வேறு என்ன செய்ய வேண்டும்?

மில்ஸ் சகோதரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒஹையோ மாநிலத்தின் பிக்வா என்ற சிற்றூரைச் சேர்ந்த நான்கு கறுப்பின இளைஞர்கள். டிரம்பெட், டிராம்போன், டூபா எல்லாவற்றையும் வாயாலேயே வாசிப்பவர்கள். கையில் இருப்பது ஒரே ஒரு கிடார். இசைத்தட்டு வெளியிட்டவர்கள், இதில் ஒரு கிடாரைத் தவிர வேறு வாத்தியம் கிடையாது என்று தட்டின் மேலேயே அச்சடிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் கேட்டவர்கள் நம்பவில்லை. இந்தப் படத்தில் அவர்கள் பாடுவதைப் பார்க்கும்போது நீங்கள் அசைவைத் தேடியிருக்கிறீர்கள். அன்றைய ரசிகர் அவர்கள் உதட்டைப் பார்த்திருப்பார். உண்மையிலேயே வாத்தியம் இல்லைதானா?

பாஸ்வெல் சகோதரிகள் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்தவர்கள். அவர்களில் கானிக்குச் சிறு வயதிலிருந்தே நடக்க முடியாது. வானொலியில் அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. திரைக்கு வந்தபோது உட்கார்ந்தபடியே பாடும்படி காட்சியை அமைத்தார்கள். கேட் ஸ்மித்துக்கு நேர்ந்தது வேறு. அவருடைய பருமனை வைத்து மேடை நகைச்சுவையாளர்கள் மலிவாகச் சிரிப்பு மூட்டினார்கள். அந்தக் கேலியிலிருந்து அவரை மீட்டது உருவம் தெரியாத வானொலிதான். மறுபடியும் கேமரா முன்னால் வந்து நின்று, எந்த நகைச்சுவையும் இல்லாமல் ஒரு பாட்டை முழுசாகப் பாடிவிட்டுப் போகிறார். இதெல்லாம் கதையோடு ஒட்டவில்லை என்பது சரி. ஆனால் கதையை விட இது சுவாரசியமானது என்று நான் நினைக்கிறேன்.

வியாபாரத்தையும் மறந்துவிடக் கூடாது. பாரமவுண்ட் 1929இல் சிபிஎஸ் நிறுவனத்தில் ஏறத்தாழப் பாதிப் பங்கை வாங்கியது. பொருளாதார மந்தத்தில் கையைச் சுட்டுக்கொண்டு 1932இல் திருப்பி விற்றது. இந்தப் படத்தில் பாடும் பலரும் சிபிஎஸ் குரல்களாக இருப்பது தற்செயலாக இருக்க முடியாது. அதே சமயம் திரையரங்கு முதலாளிகளுக்கு வானொலி மேல் கடும் ஆத்திரம். வீட்டில் காசில்லாமல் கேட்கிறவன் ஏன் டிக்கெட் வாங்கி வருவான்? 'ஏமஸ் அண்ட் ஆண்டி' என்ற வானொலி நகைச்சுவை நிகழ்ச்சி வரும் நேரத்தில் படத்தை நிறுத்திவிட்டு, அரங்கத்துக்குள்ளேயே வானொலியை ஒலிபரப்பிய திரையரங்குகள் உண்டு. அந்த அளவுக்குப் பயம். போட்டியாளனின் கடைச்சரக்கை எடுத்துத் தன் கடையில் வைத்து விற்ற படம் இது.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. வானொலித் தொழிலைப் பற்றி என்ன சொல்கிறது?

நேரத்தைப் பற்றிச் சொல்கிறது. படம் முழுக்க யாராவது ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துத் தவித்துக்கொண்டே இருக்கிறார். அன்றைய வானொலி முழுக்க நேரலை. என்பிசி, சிபிஎஸ் என்ற இரண்டு பெரிய வலையமைப்புகளும் இசைத்தட்டு ஒலிபரப்புவதைத் தங்கள் கௌரவத்துக்குக் குறைவாகக் கருதி, கொள்கையாகவே மறுத்தன. சிறு நிலையங்கள் தட்டுப் போடலாம். ஆனால் இது இசைத்தட்டு என்று நேயர்களிடம் அறிவித்தாக வேண்டும் என்று கூட்டாட்சி வானொலி ஆணையம் 1927இலேயே விதி போட்டிருந்தது. இதெல்லாம் தெரிந்தால்தான் படத்தின் கடைசிப் பகுதியின் நகைச்சுவை முழுதாகப் பிடிபடும். நிகழ்ச்சி தொடங்கப் போகிறது, பிங் வரவில்லை. லெஸ்லி நள்ளிரவு நகரத்தில் அவன் பாடிய 'ப்ளீஸ்' பாட்டின் தட்டைத் தேடி ஓடுகிறான். அதைச் சுழலவிட்டு, பாடகன் இங்கேயே நிற்கிறான் என்று நாட்டை நம்பவைப்பது அவன் திட்டம். அது மோசடி. பாவம், அவனுக்கே அது சரியாகச் செய்ய வரவில்லை. தட்டு உருப்படியாக வந்துசேராமல், கடைசியில் பாடத் தெரியாத அவனே பிங்கின் குரலில் பாட வேண்டியதாகிறது.

லெஸ்லியாக நடிக்கும் ஸ்டுவர்ட் எர்வின் அந்த ஓட்டத்தில் பெரும்பாலும் பேசுவதே இல்லை. விழுகிறார், முழிக்கிறார், கதவைத் தட்டுகிறார். ஒலியைப் பற்றிய படத்தில் ஆகச் சிறந்த பகுதி ஏறக்குறைய மௌனப்படம். பிரான்சில் இயக்குநர் ரெனே கிளேர் அப்போது செய்துகொண்டிருந்ததன் சாயல் இதில் தெளிவாகவே இருக்கிறது. அவருடைய 'லெ மில்லியோன்' படத்தில் லாட்டரிச் சீட்டு வைத்த கோட்டுக்காக ஊரே ஓடும். இங்கே இசைத்தட்டு. நடிப்பில் எர்வின் பிங் கிராஸ்பியைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறார் என்பது என் அபிப்பிராயம். கிராஸ்பி ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

கிராஸ்பி இதில் ஏறக்குறையத் தன்னையே நடிக்கிறார். பாத்திரத்தின் பெயரும் பிங்தான். அவருடைய பொறுப்பின்மை அன்று ஊரறிந்த விஷயம். 'கிங் ஆஃப் ஜாஸ்' படப்பிடிப்பின்போது, மதுவிலக்குக் காலத்தில், குடித்துவிட்டுக் காரை மோதிச் சிறைக்குப் போனார். அவருக்கென்று வைத்திருந்த முக்கியமான பாட்டு ஜான் போல்ஸுக்குப் போய்விட்டது. 1931இல் லாஸ் ஏஞ்சலிஸின் கோகோனட் குரோவ் விடுதியில் ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டுவிட்டு நடையைக் கட்டினார். அதே ஆண்டு செப்டம்பரில் சிபிஎஸ்ஸில் அவருடைய முதல் தேசிய நிகழ்ச்சி, தொண்டை கட்டிக்கொண்டதால் தள்ளிப்போய்த்தான் தொடங்கியது. எனவே பாடகன் வருவானா மாட்டானா என்ற பதைப்பு கற்பனையில் முளைத்ததல்ல. ரசிகர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் சிரித்தார்கள்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் மிகப் பெரிய வானொலி நட்சத்திரமாகிவிட்ட அதே கிராஸ்பிக்கு நேரலை அலுத்துப்போனது. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். அதனால் ஒரே நிகழ்ச்சியை இரண்டு முறை நேரலையாக நடத்துவது அன்று பெரிய நட்சத்திரங்களுக்கும் வழக்கம். அவருக்கோ கோல்ஃப் ஆட வேண்டும். முன்கூட்டியே பதிவுசெய்ய அனுமதி கேட்டார், என்பிசி சம்மதிக்கவில்லை. என்பிசியில் கிராஃப்ட் நிறுவனம் விளம்பரதாரராக நடத்திய தன் நிகழ்ச்சிக்குப் போகாமல் நின்றார், அவர்கள் வழக்குப் போட்டார்கள். சமரசமாகி மிச்ச வாரங்களை முடித்துக்கொடுத்துவிட்டு, 1946 அக்டோபரில் ஏபிசி வலையமைப்பில் ஃபில்கோ நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த நிகழ்ச்சியைத் தொடங்கினார். முதலில் தட்டுகளில்தான் பதிந்தார்கள். வெட்டி ஒட்டி ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற மாற்ற ஒலி தேய்ந்தது, நேயர்களும் குறைந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஜாக் மல்லின் வருகிறார். அமெரிக்க ராணுவப் பொறியாளர். போர் முடிந்த ஜெர்மனியிலிருந்து மேக்னெட்டோஃபோன் என்ற காந்த நாடாப் பதிவுக்கருவியைப் பிரித்து அனுப்பி, ஊருக்கு வந்து மறுபடி கோத்தவர். 1947இல் கிராஸ்பியின் ஆட்கள் அதைக் கேட்டுப் பிரமித்துப்போனார்கள். அக்டோபரிலிருந்து நிகழ்ச்சி நாடாவில் வந்தது. அப்போது மிகச் சிறிய நிறுவனமாக இருந்த ஆம்பெக்ஸுக்குக் கிராஸ்பி 50,000 டாலர் கொடுத்தார், அது இத்தகைய கருவியை அமெரிக்காவில் செய்து விற்கத் தொடங்கியது. ஒரு நகைச்சுவையாளர் சொன்ன பச்சையான துணுக்குகளை நீக்கிவிட்டு, அவற்றுக்கு எழுந்த சிரிப்பை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு, சிரிப்பே வராத வேறொரு நிகழ்ச்சியில் ஒட்டியதாக மல்லின் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

லெஸ்லி ஒரு ராத்திரி பூரா ஓடியும் செய்ய முடியாததை, பிங் சட்டபூர்வமாகச் செய்துகாட்டிவிட்டார். 1932இல் சிரிப்பதற்கான மோசடி, 1947க்குப் பிறகு தொழில். இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். பாடகன் அந்த நிமிஷத்தில் அந்த அறையில் இருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியை அது விளையாட்டாகக் கேட்டுவைக்கிறது. கேட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரியாது.

தற்கொலைக் காட்சி. உங்கள் சங்கடம் நியாயமானது, அதைச் சமாதானம் சொல்லி மழுப்ப மாட்டேன். மண்டையோடுகளும் ஆவிகளும் திரையில் மிதக்க, சோகப்பாட்டை வைத்துக் கேலி செய்யும் அந்தப் பகுதி எனக்குப் பாதி பிடிக்கும், பாதி கூசும். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாலிவுட்டின் தணிக்கை நெறி கறாராக அமலானது 1934 ஜூலையில். படத்தில் வரும் ஜாஸ் பாடகர் கேப் கேலோவேயின் பாட்டு போதைக்கூடத்தின் கொச்சைமொழியில் இருக்கிறது. பாடும்போது அவர் எதையோ மூக்கில் உறிஞ்சுவதுபோல அபிநயிப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு ஆண்டு தாமதித்திருந்தால் இரண்டுமே படத்தில் இருந்திருக்காது.

இன்னொன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 'ப்ளீஸ்' பாட்டைக் கிராஸ்பி சாவகாசமாக முனகிப் பார்க்கும் காட்சியில் பக்கத்தில் கிடார் வாசிப்பவர் எடி லேங். ஜாஸ் கிடாருக்கு முதல் பெரிய பெயர். 1933 மார்ச்சில், டான்சில் அறுவைச் சிகிச்சையை அடுத்து, முப்பது வயதில் இறந்துபோனார். விரல்களைக் கவனித்துப் பாருங்கள்.

பின்னால் வந்த மூன்று படங்களில் 1936, 1937 என்று பெயருள்ளவற்றை நீங்கள் தாராளமாக விட்டுவிடலாம். முதலாவதில் எங்கே நடப்பதையும் காட்டும் 'வானொலிக் கண்' என்று ஒரு கருவி வருகிறது, தொலைக்காட்சி வீடுகளுக்கு வருமுன் செய்த கற்பனை என்ற அளவில் வேடிக்கை. 1938 படத்தில் கப்பல் பந்தயம், நகைச்சுவை நடிகர் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் என்று ஏகப்பட்ட கூச்சல். அதற்கு நடுவே பாப் ஹோப்பும் ஷெர்லி ராஸும், பிரிந்துபோன கணவன் மனைவியாக, மதுக்கோப்பையோடு உட்கார்ந்து 'தேங்க்ஸ் ஃபார் த மெமரி' பாடுகிறார்கள். 'ப்ளீஸ்' பாட்டை எழுதிய லியோ ராபினும் ரால்ஃப் ரெயிஞ்சரும்தான் இதையும் எழுதியது, ஆஸ்கார் கிடைத்தது. அந்தப் பாட்டு வரும் சில நிமிடங்களை மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் ஓடட்டும்.

அன்புடன்