கரண்ட் பில், தண்ணீர்ப் பில், இன்சுலின் ஊசி எல்லாவற்றிலும் ‘யூனிட்’ என்கிறார்களே, ஒரு யூனிட் என்றால் எவ்வளவு? தமிழில் சரியான சொல் என்ன?

பில்லைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு அனெக்ஸில், அதாவது வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதியில், வாடகைக்கு இருக்கிறீர்கள், வீட்டுக்காரர் “யூனிட்டுக்கு இவ்வளவு” என்று மாதாமாதம் வாங்குகிறார் என்று ஊகிக்கிறேன். பிழையென்றால் மன்னிக்கவும். சொந்த வீட்டில் இருப்பவருக்கும் இதே கணக்குத்தான்.

யூனிட்டுக்கென்று சொந்தமாக ஒரு அளவு கிடையாது. “இவ்வளவை ஒன்று என்று வைத்துக்கொள்வோம்” என்று அந்தந்தத் துறையில் யாரோ முடிவெடுத்து வைத்த பெயர் அது. அதனால் “எவ்வளவு?” என்று கேட்குமுன் “எதன் யூனிட்?” என்று கேட்க வேண்டும்.

கரண்டில் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாற்று மணித்தியாலம். 1000 வாற்று அயன் பெட்டி ஒரு மணித்தியாலம் இடைவிடாமல் சூடானால் ஒரு யூனிட். 2000 வாற்று கேத்தலுக்கு அரை மணித்தியாலம் போதும். 75 வாற்று சீலிங் ஃபேன் 13 மணித்தியாலத்துக்கு மேல் சுற்ற வேண்டும். 9 வாற்று எல்ஈடி பல்ப் 111 மணித்தியாலம் எரிய வேண்டும். ஆகவே பில் கூடினால் பல்பை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளை ஏசுவதில் பெரிய பலனில்லை. குளிக்கும் ஹீட்டரையும் ஏசியையும் பாருங்கள்.

ஏசி விற்பவர் சொல்லும் “12,000 பி.ரீ.யூ” என்பதிலும் கடைசி யூ யூனிட்தான், ஆனால் பில்லில் வரும் யூனிட் இல்லை. ஒரு இறாத்தல் தண்ணீரை ஒரு பாகை பரனைட் சூடாக்கத் தேவையான வெப்பம் ஒரு பி.ரீ.யூ. 12,000 என்றால், அறையிலிருந்து மணித்தியாலத்துக்கு அவ்வளவு வெப்பத்தை அது வெளியேற்றும், ஏறத்தாழ 3.5 கிலோவாற்று. அதற்கு அது இழுக்கும் கரண்ட், கொம்பிரசர் முழுமூச்சாக ஓடும்போது, சுமார் ஒரு கிலோவாற்று. மணித்தியாலத்துக்கு மூன்றரை யூனிட் போகிறதென்று பயப்பட வேண்டாம்.

டிஜிட்டல் மீற்றர் என்றால் உள்ளே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் 1600 அல்லது 3200 போல ஒரு எண் இருக்கும். அத்தனை தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். 1600 மீற்றரில் ஒரு நிமிடத்துக்கு 20 தடவை சிமிட்டினால், 20ஐ 60ஆல் பெருக்கி 1600ஆல் வகுங்கள்: 0.75. அதாவது வீடு இப்போது 750 வாற்று இழுக்கிறது. எல்லாச் சுவிட்சையும் அணைத்த பிறகும் சிமிட்டிக்கொண்டிருந்தால், உங்கள் மீற்றரில் வேறு யாருடைய வயரோ இருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று எலெக்ட்ரிஷியனைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

இனி வீட்டுக்காரர் விஷயம். இங்கே இலங்கையில் வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறும். மாதம் 60க்குள் நின்றால் முதல் 30க்கு ஒரு விலை, அடுத்த 30க்கு இன்னொரு விலை. 61ஆவது யூனிட் விழுந்ததும் அந்தச் சலுகைப் பிரிவே இல்லாமல் போய், முதல் 60ம் கூடிய விலைக்கு மாறிவிடும். மேலே 90, 120, 180 என்று படிகள். மாதாந்த நிலையான கட்டணமும் கூடவே ஏறும். இதெல்லாம் 30 நாளுக்கான கணக்கு. மீற்றர் பார்க்க 33ஆம் நாள் வந்தால் 60 என்ற படி 66 ஆகும், அதனால் ஆள் பிந்தி வந்ததற்காகப் பதற வேண்டாம். விலைகளை நான் இங்கே போடாததற்குக் காரணம், அவை மாறிக்கொண்டே இருப்பதுதான். “விலை தெரியாமல் பதில் எழுத வந்துவிட்டார்” என்று யாரும் கீழே எழுத வேண்டாம்.

மேல் வீட்டில் 80, அனெக்ஸில் 70 என்று வையுங்கள். தனித்தனி மீற்றர் என்றால் இருவரும் 90க்குள் நின்றிருப்பீர்கள். பில் வரும் மீற்றர் ஒன்றே என்பதால் 150 ஆகி, 120ஐத் தாண்டிய விலை வந்துவிடுகிறது. மொத்தப் பில்லை 150ஆல் வகுத்து 70ஆல் பெருக்கி வாங்கினால் நியாயம். கொழும்பில் பல வீட்டுக்காரர் செய்வது வேறு: பில்லில் உள்ள ஆகக் கூடிய படி விலையை எடுத்து உங்கள் 70க்கும் போடுவார்கள். அந்த விலை உண்மையில் விழுந்தது கடைசி 30 யூனிட்டுக்கு மட்டும். வீடு கொடுத்தவரைக் குறை சொல்கிறேன் என்று சிலர் வரலாம். வாடகையை எவ்வளவும் கேட்கட்டும், கரண்டில் வியாபாரம் வேண்டாம் என்கிறேன். மாதம் முதலாம் திகதி பில் வரும் மீற்றரையும் அனெக்ஸின் உப மீற்றரையும் படம் எடுத்து வைத்தால் பேச்சு வளராது.

தண்ணீரில் ஒரு யூனிட் ஒரு கன மீற்றர், 1000 லீற்றர். மீற்றரில் கறுப்பு இலக்கங்கள்தான் யூனிட்; சிவப்பு அதன் பின்னம். கழிவறைத் தொட்டி நிமிடத்துக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை, 150 மில்லிலீற்றர், சத்தமில்லாமல் விட்டுக்கொண்டிருந்தால் நாளுக்கு 216 லீற்றர், மாதத்துக்கு ஆறரை யூனிட். எல்லாக் குழாயையும் பூட்டி, கூரைத் தாங்கி நிரம்பியிருப்பதையும் உறுதிசெய்துவிட்டு, மீற்றரின் சின்னச் சக்கரம் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

இன்சுலினில்தான் இந்தச் சொல் ஆளைக் கொல்லக்கூடியது. டோஸ் எவ்வளவு என்று நான் சொல்ல வரவில்லை, அது உங்கள் டொக்டரின் வேலை. நான் சொல்வது போத்தலும் சிரிஞ்சும் பொருந்துவதைப் பற்றி. இங்கே பாவனையில் உள்ளது ஒரு மில்லிலீற்றரில் 100 யூனிட். இந்தியாவில் ஒரு மில்லிலீற்றரில் 40 யூனிட் உள்ள போத்தலும் சாதாரணமாக விற்கிறது. சென்னைக்குப் போய் வருபவரிடம் “மலிவு” என்று சொல்லி எடுப்பிக்கும் வழக்கம் நம்மவருக்கு உண்டு. நூறுக்கான சிரிஞ்சின் மூடி செம்மஞ்சள், நாற்பதுக்கானது சிவப்பு. நாற்பது போத்தலில் இருந்து நூறு சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட், சீனி இறங்காது. மறுபக்கம் நூறு போத்தலும் நாற்பது சிரிஞ்சும் சேர்ந்தால் அதே 20ஆம் கோட்டில் 50 யூனிட் போகும். வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பும் அளவுக்குச் சீனி விழும். இன்னொன்று, மருந்துத் துண்டில் 4க்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து யூவை ஒட்டி எழுதினால் அது சைபர் போலத் தெரிந்து 40 ஆகிவிடும். அதனால்தான் யூனிட் என்று முழுச் சொல்லையும் எழுத வேண்டும் என்கிறார்கள்.

மருந்துப் பெட்டிகளில் உள்ள சர்வதேச யூனிட்டும் எடை இல்லை, அந்த மருந்து செய்யும் வேலையின் அளவு. விற்றமின் டீயில் 1000 யூனிட் என்பது 25 மைக்ரோகிராம். விற்றமின் ஏயில், ரெட்டினோலாக, அதே 1000 என்பது 300 மைக்ரோகிராம். எண் ஒன்றென்பதால் ஒன்றுக்கு மற்றதை ஈடாக எடுக்கக் கூடாது.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பாடப்புத்தகம் ‘அலகு’ என்று சொல்லித் தந்தது. அலகுப் பின்னம், அலகுக் காவி (யூனிட் வெக்டர்) என்பதெல்லாம் பொருந்தி நிற்கின்றன. ஆனால் இலக்கங்களில் வரும் யூனிட் ‘ஒன்றினிடம்’, ஆஸ்பத்திரி யூனிட் ‘பிரிவு’, சினிமா யூனிட் ‘குழு’. எல்லாவற்றுக்கும் அலகு என்று போட்டால் சிரிப்பாகிவிடும், ஏனென்றால் அலகே ஒரு பெரிய குடும்பம்: பறவையின் அலகு, காவடிக்காரர் கன்னத்தில் குத்தும் அலகு, நெற்கதிரும் அலகு. செய்யுளை அசை பிரித்து “அலகிட்டு வாய்பாடு கூறுக” என்ற பரீட்சைக் கேள்வியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆங்கிலத்திலும் யூனிட் பழைய சொல் இல்லை. 1570இல் பழைய கிரேக்கக் கணித மேதை யூக்ளிட்டின் நூலுக்கு வந்த முதல் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதிய ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜோன் டீ, கிரேக்க ‘மோனஸ்’ என்ற சொல்லுக்கு ஈடாக, அதுவரை இருந்த ‘யூனிட்டி’யை விட்டு இதைக் கொண்டுவந்தார். அவர் நினைத்தது எண்களுக்கு அடியில் இருக்கும் வெறும் ‘ஒன்று’. ஏசியின் வெளியே தொங்கும் பெட்டிக்கும் அதே பெயர் வரும் என்று அவர் கண்டாரா!

பலருடைய காசைச் சேர்த்து முதலிடும் யூனிட் ட்ரஸ்ட் பற்றி ஒரு வரி: யூனிட் 12.50 ரூபாய் என்பதால் அது 25 ரூபாய் யூனிட்டை விட மலிவு என்று நினைக்காதீர்கள். ஒரு லட்சத்துக்கு ஒன்றில் 8000 யூனிட், மற்றதில் 4000. இரண்டும் 8 சதவீதம் வளர்ந்தால் கைக்கு வருவது ஒரே 1,08,000.

கடைசியாக, லண்டனில் டொக்டர் “கிழமைக்கு எத்தனை யூனிட்?” என்று கேட்டால் அவர் கேட்பது கரண்டும் இல்லை, இன்சுலினும் இல்லை, சாராயம். அங்கே ஒரு யூனிட் 10 மில்லிலீற்றர் சுத்த மதுசாரம். இங்கிருந்து போன பெரியப்பா “நாளுக்கு ஒரு கால் போத்தல்தான்” என்று பெருமையாகச் சொல்வார். போத்தலில் 33.5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் அந்த 180 மில்லிலீற்றரில் இருப்பது ஆறு யூனிட். கிழமைக்கு 14ஐத் தாண்டாதீர்கள் என்பது அவர்களுடைய அறிவுறுத்தல். பெரியப்பாவுக்கு அது செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிடும்.