தம்பியைக் கிள்ளும் 3 வயது மகள்

தோழி, தம்பி பிறந்து 2 மாதம்; மகள் யாரும் பார்க்காதபோது அவனைக் கிள்ளுகிறாள், எப்போதோ விட்ட பால் புட்டியை மறுபடி கேட்கிறாள், இரவில் படுக்கையை நனைக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில் இதெல்லாம் சகஜம். திட்டினால் கூடுமே தவிர குறையாது.

என் பெரியவன் தூளியில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்தான். மாமியார் முறைக்க முறைக்க, பழைய புடவையில் தாழ்வாக இன்னொரு தூளி கட்டி அவனையும் ஆட்டினேன். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்! நாலாம் நாள், "வேர்க்குதும்மா" என்று அவனே இறங்கி ஓடிவிட்டான். புட்டி கேட்டால் கொடுங்கள், தானாகச் சலித்துவிடும்.

கிள்ளினால் கையைப் பிடித்து, "தம்பிக்கு வலிக்கும், கூடாது" என்று சொன்னால் போதும். "அக்கா இப்படிச் செய்யலாமா" பிரசங்கம் வேண்டாம். ஆனால் இருவரையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள்.

தினமும் 15 நிமிடமாவது குழந்தையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அவளோடு மட்டும் இருங்கள். எப்போதும் அவளையே காத்திருக்கச் சொல்கிறோம் இல்லையா? அவள் காதில் விழும்படி, "இருடா தம்பி, அக்காவுக்குத் தலை சீவிட்டு வரேன்" என்று அவனிடமும் சொல்லுங்கள். அந்த முகத்தைப் பார்க்கணுமே!

அப்புறம், பார்க்க வருகிறவர்கள் "இனி அம்மா உனக்கில்லை, தம்பிக்குத்தான்" என்று சீண்டுவார்கள். எனக்கு ஆத்திரம் வரும் பேச்சு இது. வாசலிலேயே சொல்லி வையுங்கள்.

படுக்கையை நனைப்பதோடு அவளுக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல் என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.