300 டாலர் ரைஃபிளும் அதற்குப் பிறகு வரும் செலவும்

கேள்வி: டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். போன வருடம்தான் எனக்கு க்ரீன் கார்டு வந்தது. நண்பர் ஒருவர் இரண்டு மூன்று தடவை ஷூட்டிங் ரேஞ்சுக்கு அழைத்துப்போனார். குறி பார்த்துச் சுடுவது மிகவும் பிடித்துவிட்டது. 500 டாலருக்குள் ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கி, அதை நானே கழற்றி மாட்டிப் பழக ஆசை. எது வாங்கலாம்? எச்-1பி விசாவில் எங்களோடு தங்கியிருக்கும் என் மச்சானும் ரேஞ்சுக்கு வருவதாகச் சொல்கிறார். வீட்டில் 9 வயதிலும் 6 வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: மச்சான் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் நம்மவர்கள் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எச்-1பி, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதே விதிக்குள் வருகிறது. விதிவிலக்குகள் உண்டு. அதில் பெரும்பாலோருக்குப் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அது கையில் இல்லாமல் அவர் உங்கள் ரைஃபிளைத் தொட வேண்டாம். அவருக்காக நீங்கள் உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பதோ தனிக் குற்றம். விசாவோடு போகிற விஷயமில்லை, சிறை வரைக்கும் போகும்.

உங்களுக்குத் தடையில்லை. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்புவீர்கள், எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனை நடக்கும். பல சமயம் சில நிமிடங்களில் முடிந்துவிடும், சில பேருக்கு நாட்கணக்கில் இழுக்கும். இழுத்தால் பதற்றப்பட வேண்டாம். படிவத்தில் கஞ்சா பற்றி ஒரு கேள்வி இருக்கும். கஞ்சாவை அனுமதித்த மாநிலமாக இருந்தாலும் மத்தியச் சட்டத்துக்கு அது கணக்கில்லை என்று அந்தப் படிவமே சொல்கிறது. எதற்கும் உண்மையை மட்டும் எழுதுங்கள்.

சரி, எது வாங்கலாம்? யோசிக்கவே வேண்டாம், ரூகர் 10/22. 1964-ல் வந்தது, இன்றும் கடையில் புதிதாகக் கிடைக்கிறது. .22 லாங் ரைஃபிள் தோட்டா போடும் சின்ன ரைஃபிள் இது. அடிப்படை கார்பைன் மாடல் 18.5 அங்குல பேரலுடன் (குண்டு வெளியேறும் குழல்) ஐந்து பவுண்டு அளவுதான் எடை. விலை 300 டாலரை ஒட்டி இருக்கும். இதைவிட மலிவாக சேவேஜ் 64 உண்டு, அதுவும் சுடும். ஆனால் கழற்றி மாட்டிப் பழக வேண்டும் என்று கேட்டீர்களே, அதற்கு 10/22-க்கு நிகரானது எனக்குத் தெரிந்து வேறு கிடையாது. ஒரு பேரல், இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிறது. டிரிகர் தொகுதி இரண்டு பின்னில், அதாவது குறுக்கே செருகிய இரண்டு சின்னக் கம்பியில், நிற்கிறது. தோளில் சாய்த்துப் பிடிக்கும் கட்டையான ஸ்டாக் ஒரே ஸ்க்ரூவில். இதற்காக பாகம் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனிகள் இருக்கின்றன.

இன்னொன்று அதன் மேகசின், அதாவது தோட்டா போடும் பெட்டி. .22 தோட்டாவுக்கு அடியில் ஒரு விளிம்பு உண்டு. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போது அந்த விளிம்புகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். 10/22-ன் பத்து தோட்டா மேகசினில் உள்ளே ஒரு சுழலும் உருளை இருக்கிறது, ஒவ்வொரு தோட்டாவும் அதில் தன் பள்ளத்தில் தனியாக உட்காரும். இந்த ரைஃபிள் அறுபது வருடம் நின்றதற்கு இந்தச் சின்னப் பெட்டிதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். அதைத் திறந்து பார்க்க மட்டும் அவசரப்படாதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங்கைச் சரியான அளவுக்கு முறுக்கித் திரும்ப மாட்டத் தெரியாவிட்டால் நல்ல மேகசின் வீணாகும்.

மீதி 200 டாலரில் பாகம் வாங்காதீர்கள். சாவியோ எண் பூட்டோ உள்ள இரும்புப் பெட்டி ஒன்று, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு, சுத்தம் செய்யும் கயிறு, பிறகு மிஞ்சுவதற்கெல்லாம் தோட்டா. டெக்சாஸில் 17 வயது நிரம்பாத பிள்ளைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைப்பது குற்றம். சட்டம் இருக்கட்டும், 6 வயதுக் குழந்தைக்கு அலமாரி உயரம் ஒரு பொருட்டே இல்லை. ரைஃபிள் ஒரு பெட்டியில், தோட்டா வேறொரு இடத்தில், சாவி உங்களிடம் மட்டும். மச்சான் அதே வீட்டில் இருப்பதால் அந்தச் சாவி அவர் கைக்கும் போகக் கூடாது. ரேஞ்சிலிருந்து வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளைகளைத் தூக்க வேண்டும், .22 குண்டு ஈயம்.

கேள்வி: ஹூஸ்டனிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் இரண்டு வருடம் முன்பு ஒரு 10/22 வாங்கினார். அப்புறம் வாரா வாரம் ஒரு பார்சல். கனமான பேரல், புது ஸ்டாக், டிரிகர் என்று ரைஃபிள் விலையைப்போல இரண்டு மடங்கு செலவாகிவிட்டது. இப்போது மேகசினுக்கு ஒரு தடவையாவது தோட்டா சிக்கிக்கொள்கிறதாம். டிரிகரை இன்னும் லேசாக்க, வீடியோ பார்த்து அரத்தால் தேய்க்கப்போகிறேன் என்கிறார். அது சரியா?

பதில்: சரியில்லை அம்மா, அரத்தை இன்றைக்கே எடுத்து ஒளித்து வையுங்கள். டிரிகர் தொகுதிக்குள், தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் முனை மிகச் சிறியது. ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தாலும் பிடி நழுவும், போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் இரும்புத் துண்டு) மூடும்போதே துப்பாக்கி தானாக வெடிக்கலாம், அடுத்தடுத்தும் வெடிக்கலாம். உயிருக்கே ஆபத்து. ஒரு தடவை டிரிகரை இழுத்தால் ஒன்றுக்கு மேல் வெடிக்கும் துப்பாக்கி சட்டத்தின் கண்ணில் இயந்திரத் துப்பாக்கி. லேசான டிரிகர் வேண்டுமென்றால் ரூகரே பிஎக்ஸ் டிரிகர் என்று முழுத் தொகுதியாக விற்கிறது. கம்பெனி டிரிகர் ஐந்தாறு பவுண்டு இழுக்க வேண்டியிருக்கும், இது மூன்று பவுண்டுக்குள். இரண்டு பின்னைத் தட்டி எடுத்துவிட்டு மாட்டினால் முடிந்தது.

சிக்கல் ஏன் வருகிறது என்பதற்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். நானும் ஒரே வாரக்கடைசியில் பேரல், ஸ்டாக், டிரிகர் மூன்றையும் மாற்றினேன். அடுத்த வாரம் பத்தில் இரண்டு தோட்டா சிக்கியது. எதனால் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை, மூன்றும் ஒன்றாக மாறிவிட்டதே. எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், ஒரு மாதம் ஆனது. புது பேரலின் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் இடம், பந்தயத்துக்காக இறுக்கமாகக் கடைந்தது. நான் போட்டதோ மொத்தமாக வாங்கும் மலிவுத் தோட்டா. தோட்டாவை மாற்றியதும் சரியாகிவிட்டது.

உங்கள் கணவரும் முதலில் தோட்டாவைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். இந்த ரைஃபிளில் தோட்டா வெடிக்கும் அழுத்தமே போல்ட்டைப் பின்னால் தள்ளுகிறது, வேறு குழாயோ பிஸ்டனோ கிடையாது. அதனால் வேகம் குறைந்த தோட்டா போட்டால் போல்ட் பாதியிலேயே நின்றுவிடும். சிசிஐ கம்பெனியின் மினி-மேக் தோட்டா ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்க்கட்டும். அது 40 கிரெய்ன் எடையுள்ள குண்டு, வினாடிக்கு 1,235 அடி வேகம். அதிலும் சிக்கினால் ரைஃபிளைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். .22 தோட்டா கரியும் மெழுகும் ஈயமுமாக உள்ளே அப்பிவிடும்.

கழற்றும்போது: மேகசினை எடுத்து, போல்ட்டை இழுத்து, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். கார்பைன் மாடலில் பேரலைச் சுற்றியுள்ள பட்டையைத் தளர்த்தி எடுக்க வேண்டும். ஸ்டாக் ஸ்க்ரூவைக் கழற்றியதும் வராவிட்டால் நெம்பாதீர்கள், சேஃப்டி பட்டனை நடுவில் நிறுத்தினால் தானாக மேலே வரும். இதை அறியாமல் ஸ்டாக்கை விரிசல்விட வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிரிகர் தொகுதி வெளியே வந்ததும் பின்னால் ஒரு தடித்த பின் நழுவி விழும், தரையில் துணி விரித்துக்கொள்வது நல்லது. போல்ட் அந்தப் பின்னில்தான் மோதி நிற்கிறது. இரும்புக்குப் பதில் பாலியூரித்தேன் பின் போட்டால் மோதும் சத்தம் குறையும், சில டாலர்தான். பழைய மாடலாக இருந்தால் போல்ட்டை விடுவிக்கும் தகட்டையும் மாற்றலாம். பழையதில் நெம்புகோலை அழுத்திக்கொண்டே போல்ட்டை இழுக்க வேண்டும், புதியதில் இழுத்து விட்டாலே போதும். அவர் வாங்கியதில் உண்மையாகவே பயன் தருவன இப்படிப்பட்ட சின்ன பாகங்கள்தான்.

பேரலை வெட்டிச் சிறிதாக்கும் யோசனை வந்தால் மட்டும் குறுக்கே நில்லுங்கள். பேரல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்கீழ் முன்கூட்டியே பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். வெட்டிய பிறகு வாங்கலாம் என்பது நடக்காது.

கேள்வி: பழைய 10/22 ஒன்று 180 டாலருக்கு வருகிறது. வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: விலை நல்ல விலை. இந்த ரைஃபிளின் பின்பக்கம் மூடியிருப்பதால், பலர் சுத்தம் செய்யும் கம்பியை முன்வாய் வழியாகவே விட்டு இழுப்பார்கள். வருடக்கணக்கில் அப்படி இழுத்தால் பேரல் வாயின் ஓரம் தேயும், அதற்குப் பிறகு எந்தத் தோட்டா போட்டாலும் குறி சிதறும். ரைஃபிள் காலி என்று உறுதி செய்து, போல்ட்டைத் திறந்து நிறுத்திய பிறகு, காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றால் பேரல் வாயின் உள் ஓரத்தைச் சுற்றித் தடவுங்கள். பஞ்சு எங்கேயாவது சிக்கி நூல் பிரிந்தால், புது பேரல் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள், ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள்.