பொன்னாடைக்குத்தான் குளிரூட்டி வேண்டும்

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டம் கலைகளின் தாயகம் என்று பெருமை பேசுகிறோம். நகரத்தில் ஆயிரம் பேர் அமரும்படி பெரிய குளிரூட்டப்பட்ட அரங்கம் ஒன்றைக் கட்டினால், சென்னையின் டிசம்பர் சீசனைப் போல இங்கும் கலை செழிக்காதா?
(வாசகர், வல்லம்)

பதில்: குளிரூட்டப்பட்ட அரங்கம்! வல்லத்து மேட்டில் சித்திரை வெயிலில் உட்கார்ந்து இதை எழுதியிருந்தால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், நாதஸ்வரத்தை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். அதன் வாயில் செருகும் நாணல் துண்டான சீவாளி எச்சிலின் ஈரத்திலும் மூச்சின் சூட்டிலும் பேசுகிற பொருள். குளிர்ந்த கூடத்தில் சுருதி இறங்கும், வாசிப்பவர் அதை உதட்டால் ஏற்றிப் பிடித்தாக வேண்டும். மிருதங்கக்காரரோ வெளியில் சேர்த்துக்கொண்டு வந்த சுருதியை உள்ளே நுழைந்ததும் கல்லும் மரத்துண்டுமாகத் தட்டி மறுபடி சேர்த்துக்கொண்டிருப்பார். யோசித்துப் பார்த்தால், நம் விழாக்களில் குளிரூட்டி உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள் கழுத்துவரை பொன்னாடை ஏறிய நிலையில் மேடையில் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர்கள்தாம். அவர்களுக்குப் போர்த்த முக்கால் மணி நேரம், போர்த்தியவர்களுக்குத் திருப்பிப் போர்த்தக் கால் மணி நேரம், இவ்வளவுக்கும் நன்றி கூறுபவருக்குத் தனியாக ஒன்று. அதன்பின் கலைஞரின் கைக்கு ‘சுருக்கமாக முடிக்கவும்’ என்று ஒரு சீட்டு வரும். பொன்னாடையை இந்தப் பக்கத்தில் நான் ஏசுவது பழைய வழக்கம் என்பதைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். விழாக் குழுவினர் சிலர் எனக்கே ஒன்றைப் போர்த்தி வாயை அடைக்கப் பார்த்ததும் உண்டு. அதை ஒழித்தால் அரங்கத்தின் மின்கட்டணத்தில் பாதி மிச்சமாகும் என்பது என் கணக்கு.

இந்த மாவட்டத்தின் கலை பெரும்பாலும் நகர எல்லைக்கு வெளியே, வியர்வையில்தான் நடக்கிறது. மெலட்டூர் தஞ்சாவூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கே நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, கோடையின் உச்சத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரில் பந்தலிட்டு இரவில் தொடங்கும் பிரகலாத சரித்திரம் விடியும் வேளையில்தான் முடியும். மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய அந்த நாட்டிய நாடகத்தில் பெண் வேடங்களையும் ஆண்களே கட்டுகிறார்கள். வேலைக்காக வெளியூர் போய்விட்டவர்களும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ஆடுகிறார்கள். நரசிம்ம முகமூடி வழிபாட்டில் இருப்பது. விரதம் இருந்தவரே அதை அணியலாம். தூண் பிளந்து அவர் வெளிப்பட்டு இரணியனுக்கு நேரே நிற்கும்போது, ஆவேசத்தில் பாய்ந்துவிடாமல் பக்கத்தில் நிற்பவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இதே நாடகத்தை உங்கள் அரங்கத்தில் நடத்தினால், இரணியன் தூணைக் காட்டி ‘இதில் இருக்கிறானா?’ என்று கேட்பதற்கு முன்பே காவலாளி வந்து விளக்கை அணைத்துவிடுவார்.

சென்னையைப் போல என்கிறீர்கள். சென்னையில் மியூசிக் அகாடமி பிறந்தது 1928இல். ஆபிரகாம் பண்டிதர் 1912லேயே தஞ்சாவூரில் சங்கம் அமைத்து, சித்த மருத்துவத்தில் ஈட்டிய தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, வித்துவான்களை வரவழைத்து இசை மாநாடுகளை நடத்தத் தொடங்கிவிட்டார். திருவையாற்றிலும் இதே கதைதான். தியாகராஜர் ஆராதனை பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது; சமாதியின் முன் பெண்கள் பாட இரண்டு கட்சிகளும் இடம் கொடுக்கவில்லை, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொத்தைச் செலவழித்து அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். பிறகு பெண்களைத் திரட்டி மூன்றாவதாக ஒரு கட்சியையும் நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் எல்லாரும் ஒன்றானார்கள். இன்றைக்கும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாட வருகிறவர்கள் காவிரிக்கரைப் பந்தலில் தரையில்தான் அமர்கிறார்கள். குளிரில்லை என்று யாரும் எழுந்து போனதாகத் தெரியவில்லை.

கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டடம் கட்டுவதில் இந்த ஊரை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராஜராஜன் கூடவே என்ன செய்தான் என்பதை அந்தக் கோயில் கல்வெட்டிலேயே பாருங்கள். சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கோயிலில் ஆடிப் பாடும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து, ஒவ்வொருத்தியின் பெயர், வந்த ஊர், குடியிருக்கும் தெரு, எந்தச் சிறகில் (தெருவின் எந்த வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை பொறித்து, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று பங்கும் ஒதுக்கினான். நட்டுவம் செய்வோர், பாடுவோர் தொடங்கித் தையற்காரர், தச்சர் வரைக்கும் அந்தப் பட்டியலில் இடம் உண்டு. இன்றைய விழா அழைப்பிதழில் தவில்காரரின் பெயர் ‘மற்றும் குழுவினர்’ என்பதற்குள் போய்விடுகிறது. அவருக்குரிய சன்மானம் எப்போது வரும் என்பதைக் கேட்க நாகரிகம் தடுக்கிறது.

உங்கள் அரங்கத்துக்கென்று யாராவது பணம் ஒதுக்கினால், அதில் ஒரு துளி நரசிங்கம்பேட்டைக்குப் போகட்டும். கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரின் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைப்பதற்கு அரிதாகிக்கொண்டிருப்பது மரம். நாதஸ்வரத்தின் நீண்ட குழலான உலவைக் கடைய ஆச்சா மரம் வேண்டும். அதிலும் புதிதாக வெட்டிய மரம் உதவாது, பழைய வீடுகளில் உத்திரமாகவும் தூணாகவும் பல பத்தாண்டுகள் கிடந்து காய்ந்ததுதான் வெடிக்காமல் நாதம் பேசும். அப்படிப்பட்ட வீடுகள் இடிபடும்போது அந்த மரம் நாற்காலி செய்பவரிடமோ விறகுக் கடைக்கோ போகிறது. பழைய அரசுக் கட்டடங்களை இடிக்கும்போதாவது ஆச்சா உத்திரங்களை ஏலத்துக்கு விடாமல் பட்டறைகளுக்கு நியாய விலையில் கொடுக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். சுற்றறிக்கைக்குத் திறப்பு விழா வைக்க முடியாது என்பதைத் தவிர இதில் வேறு இடைஞ்சல் எனக்குத் தெரியவில்லை.