நமக்குள்ளே என்ன காசு?

கைவேலை, நட்பு, ஊர்க் காரியம் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, திண்டுக்கல்லில் அரசுப் பள்ளித் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நம் ‘டீச்சர்’ தரும் பதில்கள்.

கேள்வி: டீச்சர், நான் வயர் கூடை பின்னுகிறேன். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் நன்றாக வரும். எங்கள் தெருவில் என் நெருங்கிய தோழி ஒருத்தி, தனக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வயர் வாங்கிய காசுகூடத் தருவதில்லை. “நமக்குள்ளே என்ன காசு” என்கிறாள். கேட்டால் நட்பு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, இராஜபாளையம்

கேட்டால் கெடாது தங்கச்சி. கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டே பின்னினால்தான் கெடும். அவள் வாசலில் வந்து நிற்கும்போதே உங்களுக்கு முகம் மாறத் தொடங்கியிருக்கும், இல்லையா?

அவளுக்கென்று பின்னிய முதல் கூடையைப் பிரியமாகக் கொடுத்தீர்கள். அது இருக்கட்டும். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் பின்னியது வேலை. இதை அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது நீங்கள்தான், ஏனென்றால் பின்னத் தெரியாதவர்கள் முடிந்த கூடையை மட்டும்தான் பார்க்கிறார்கள். அளவு பிசகாமல் வயர் வெட்டுவது, அடிப்பாகம் போடுவது, மூலை திருப்புவது, கூடையைச் சுற்றி ஓடுகிற ரன்னிங் வயர் பாதியில் தீர்ந்தால் அடுத்த துண்டைத் தெரியாமல் சேர்ப்பது, கைப்பிடி இறுக்கும்போது விரல் நுனி சிவந்து எரிவது, இதெல்லாம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஒரு நாள் மதியம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து அடிப்பாகம் போடச் சொல்லிக்கொடுங்கள். நாலு வரிசை முடிச்சுப் போடுவதற்குள் அவளே, “இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்பாள். அந்த இடத்தில் பேச்சைத் தொடங்குங்கள். “உனக்கு எப்போதும் போலத் தருவேன். மற்றவர்களுக்கு வயரை அவர்களே வாங்கித் தரட்டும், கூலி இவ்வளவு” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம். எழுத்தில் சிரிப்பு தெரியாது.

கூலி எவ்வளவு என்றும் பலர் எழுதுகிறீர்கள், இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வயர் விலைக்கு மேல் ஐம்பது ரூபாய் வைத்து விற்கிற பழக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 42 ரூபாய். மூன்று கட்டு வயரில் பெரிய கூடை போட உங்களுக்குப் பத்து மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி மட்டும் 420 ரூபாய், வயர் தனி. அந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்பீர்கள். சிலர் வாங்க மாட்டார்கள்தான். அவர்களுக்கு ஒரு கட்டு வயரில் சின்னக் கூடை போட்டுக் கொடுங்கள். கூலியைக் குறைக்காதீர்கள். நீங்கள் குறைத்தால் அடுத்த தெருவில் இதை நம்பிப் பிழைக்கிற பெண்ணுக்கும் சேர்த்துத்தான் குறைகிறது.

கேள்வி: நாங்கள் நான்கு தோழிகள். வாரத்தில் ஒரு மதியம் கூடித் தைப்போம், குரோஷா போடுவோம். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. ஒருத்தி அரசு மருத்துவமனைக் குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பி என்கிறாள். இன்னொருத்தி துணிப்பை என்கிறாள். மூன்றாமவள் நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்கலாம் என்கிறாள். பேசிப் பேசி மனக்கசப்பு வந்துவிடும்போல் இருக்கிறது. எதைச் செய்யலாம்?
– நான்காவது தோழி, கும்பகோணம்

நீங்கள் நால்வரும் பேசுவதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, பெற்றுக்கொள்ளப்போகிறவர்களிடம் போய்க் கேளுங்கள். தையல் வகுப்பில் என் பிள்ளைகளுக்கு நான் ஓயாமல் சொன்னது இதுதான். யாருக்குத் தைக்கிறோமோ அவர் அளவை எடுக்காமல் கத்தரியைக் கையில் எடுக்கக் கூடாது. நல்ல மனதோடு கொண்டுபோய்க் கொடுத்த பொருள்கள் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர் மேலும் தப்பில்லை, வாங்கியவர் மேலும் தப்பில்லை. நடுவில் ஒரு கேள்வி விட்டுப்போயிருக்கிறது.

தொப்பியை எடுத்துக்கொள்வோம். 37 வாரம் நிறைவதற்குள் பிறந்த குழந்தைக்கும், இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். உடம்போடு பார்த்தால் தலை பெரிது என்பதால் தலை வழியாகவே நிறையச் சூடு போகும். அதனால்தான் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து வைக்கிற கங்காரு முறையில் குழந்தைக்குத் தலையில் தொப்பியும் காலில் சாக்ஸும் போடுகிறார்கள். இன்குபேட்டர் போதாத நிலையில் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மருத்துவமனையில் 1978இல் தொடங்கிய முறை இது. பிறந்த உடனேயே இதை ஆரம்பிக்கலாம் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. ஆக, உங்கள் தோழி சொன்னது நல்ல யோசனை. கம்பளி மட்டும் வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு அது உறுத்தும். மெத்தென்ற பனியன் துணியோ, பருத்தி நூலோ போதும். நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 செ.மீ. முன்கூட்டிப் பிறந்தவர்களுக்கு அதைவிடச் சின்னதாக இரண்டு மூன்று அளவில் வேண்டும். பொத்தான், மணி, ரிப்பன் எதுவும் வைக்காதீர்கள், குழந்தை வாயில் போய்விடும். தையலின் மொத்தை உள்பக்கம் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றே ஒன்று செய்து, பச்சிளங்குழந்தைப் பிரிவின் தலைமைச் செவிலியரிடம் காட்டுங்கள். எத்தனை வேண்டும், வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள அனுமதி உண்டா, துவைத்து எப்படித் தர வேண்டும் என்பதை அவரே சொல்வார். வேண்டாம் என்றால் மனம் வாடாமல் திரும்பி வாருங்கள். அந்தப் பிரிவில் தொற்று வந்துவிடக் கூடாது என்று அவர்கள் படுகிற கவலை நம் ஆசையைவிடப் பெரிது.

துணிப்பைக்கு அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. இருந்தும் காய்கறிக் கடையில் கேரி பேக் இன்னும் கை மாறுகிறது. டெய்லர் கடையில் மீந்த துணி, பழைய பருத்திச் சேலை, உங்கள் ஊர் ஜவுளிக் கடைக் கட்பீஸ், எதிலும் பை தைக்கலாம். கைப்பிடி சேருகிற இடத்தில் சதுரமாகத் தையல் ஓட்டி, அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி போல இரண்டு தையல் போடுங்கள், ஐந்து கிலோ அரிசிக்கும் பிய்யாது. ஆனால் எல்லோருக்கும் பொதுவாக விநியோகிக்காதீர்கள். உங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவருகிற அம்மாவிடம் பத்துப் பை கொடுத்து, “பை எடுத்து வராதவர்களுக்குக் கொடுங்க, அடுத்த தடவை திருப்பி வாங்கிக்குங்க” என்று சொல்லிப் பாருங்கள்.

நூலகத்துக்குப் பழைய புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன், நூலகரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் போட்டித் தேர்வுப் புத்தகமும் சிறுவர் புத்தகமும்தான் கேட்பார்கள். அல்லது ஆளுக்கு 250 ரூபாய் போட்டு, உங்களில் ஒருவர் பெயரில் 1000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆகிவிடலாம். அரசுப் பொது நூலகங்களில் அந்த ஏற்பாடு உண்டு. வாசகர் வட்டம் இருந்தால் அதிலும் சேருங்கள்.

ஒன்று சேர்ந்த கைகளால் எவ்வளவு முடியும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற பெண்கள் குழு 2016 ஜனவரி 31 அன்று, பல ஊர்களிலிருந்து வந்த போர்வைகளைத் தரையில் விரித்து இணைத்து 11,148.5 சதுர மீட்டரில் உலகிலேயே பெரிய குரோஷே போர்வை என்று கின்னஸில் இடம்பெற்றது. சாதனை முடிந்ததும் அந்தப் போர்வைகளைத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். எனக்கு அந்த இரண்டாவது காரியம்தான் இனிக்கிறது.

உங்கள் நால்வருக்கும் நான் சொல்வது: மூன்று மாதம் ஒருத்தி யோசனை, அடுத்த மூன்று மாதம் இன்னொருத்தி யோசனை. முறை வைத்துக்கொள்ளுங்கள். யார் யோசனை முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடலாம். துணிக்கும் நூலுக்கும் ஆன செலவை ஒரு நோட்டில் எழுதி மாதம் ஒருமுறை எல்லோரும் பாருங்கள். பத்து ரூபாயானாலும் எழுதுங்கள்.

கேள்வி: மார்கழியில் விடியற்காலை எழுந்து பெரிய புள்ளிக்கோலம் போடுகிறேன். பத்து மணிக்குள் பைக்குகள் ஏறி அழிந்துவிடுகிறது. வீட்டில் “ஏன் இந்த வேலை” என்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, காரைக்குடி

நாளைக்கும் போடுங்கள் அம்மா. அழிந்தது தரையில் இருந்த மாவு. 21 புள்ளி வைத்து இழை பிசகாமல் சுற்றி முடித்த கை உங்களிடம்தான் இருக்கிறது. முடிந்தால் எதிர்வீட்டுச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டுப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின்போது வடக்கு மாட வீதியில் நடக்கிற கோலப் போட்டியைப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: டீச்சர், எனக்கு ஓவியம் வரும். எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளிச் சுவரில் வரைந்து கொடுக்க ஆசை. கூட வருவதாகச் சொன்ன நண்பர்கள் மூன்று பேரும் வேலை என்று வந்தால் காணாமல் போய்விடுகிறார்கள். வெறுப்பாக இருக்கிறது.
– வாசகர், தர்மபுரி

தம்பி, முதலில் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். அவர் மூலமாகப் பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த குழு அது, பெற்றோர்கள்தான் அதில் அதிகம். அவர்கள் ஒப்புக்கொண்டால் நாளைக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். என்ன வரைவது என்று பிள்ளைகளையும் கேளுங்கள். குடிசைப் பகுதிகளிலிருந்து இடம் மாற்றப்பட்டவர்கள் வாழ்கிற சென்னை கண்ணகி நகரில் 2020இல் பெரிய பெரிய சுவரோவியங்கள் வந்தபோது, அவற்றைப் பார்க்கவே வெளியாட்கள் அந்தப் பக்கம் போகத் தொடங்கினார்கள். சுவருக்கு அந்தச் சக்தி உண்டு.

வேலையைக் கோடை விடுமுறையில் வையுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் சுவர் ஈரம் காயாது, பெயிண்ட் உரிந்துவிடும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பிரைமர் அடித்து, வெளிச்சுவர் எமல்ஷன் வாங்குங்கள்.

நண்பர்களை வெறுக்காதீர்கள். அவர்களுக்குத் தூரிகை பிடிக்க வராது, சுவர் முன்னால் வந்து என்ன செய்வதென்று தெரியாமல்தான் வராமல் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். “வந்து உதவு” என்று பொதுவாகக் கூப்பிடாதீர்கள். ஒருவரிடம் ஏணியும் சாரக் கம்பும் இரவல் வாங்கி வரச் சொல்லுங்கள். இன்னொருவரைப் பெயிண்ட் கடையில் விலை பேச அனுப்புங்கள். சுரண்டுவதற்கும் தண்ணீர் தூக்குவதற்கும் ஓவியம் தெரிய வேண்டியதில்லை, அதை மூன்றாமவரிடம் கொடுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படியும் ஒருவர் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், வேறொரு காரியத்துக்கு வருவார். சுவர் முடிந்ததும் தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.