எந்தப் பத்திரிகையை நம்புவது? வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்தில் ஒரு பெட்டி வைத்தோம். பத்திரிகை, டிவி செய்திகளைப் பற்றி மனதில் இருப்பதைச் சீட்டில் எழுதிப் போடுங்கள் என்றோம். ஒரு தமிழ் நாளிதழில் 31 ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவன் என்பதால், பதில் எழுதும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: நடுநிலையான பத்திரிகை ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள் ஐயா. இனி அதையே வாங்குகிறேன். (ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி, ராயபுரம்)

அப்படி ஒரு பெயர் என்னிடம் இல்லை ஐயா. தமிழ்ப் பத்திரிகைகளில் பல, ஒரு பக்கம் எடுப்பதற்காகவே பிறந்தவை. 1917இல் ‘தேசபக்தன்’ ஆசிரியராக வந்த திரு.வி.க., அடுத்த ஆண்டே பெரம்பூர்ப் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டபோது அதன் முன்வரிசையில் நின்றார். அவர் யார் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. விடுதலை, முரசொலி, ஜனசக்தி, தீக்கதிர் எல்லாமே எந்த இயக்கத்தின் குரல் என்று தெரிந்துதான் வாங்குகிறோம். இதில் ஏமாற்று ஏதும் இல்லை. பக்கம் எடுத்துவிட்டு, எடுக்காததுபோல் காட்டிக்கொள்வதுதான் என்னை உறுத்துகிறது.

எனவே முதலில் உரிமையாளரைத் தெரிந்துகொள்ளுங்கள். நாளிதழின் கடைசிப் பக்கத்து அடியில் பொடி எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்கள் இருக்கும். மார்ச் மாதத் தொடக்கத்து இதழில் ‘படிவம் 4’ என்று ஒரு சிறிய கட்டம் போடுவது நெடுநாள் வழக்கம். நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் வைத்திருப்பவர்களின் பெயர்கள் அதில் வரும். தலையங்கத்தைவிட அந்தக் கட்டம் சில சமயம் அதிகம் சொல்லும்.

கேள்வி: எண்ணெய் கலந்தபோது மைக்கை நீட்டினார்கள். அரை மணி நேரம் பேசினேன். டிவியில் நான் அழுததை மட்டும் போட்டார்கள். இதற்கு என்ன பெயர்? (மீன் விற்பவர், எண்ணூர்)

இதற்கும் சார்பு என்றுதான் பெயர் அம்மா. கட்சிக்கொடி இல்லாத சார்பு. உங்களைப் போன்றவர்கள் அழுவார்கள், அதிகாரிகள் விளக்குவார்கள் என்று முன்கூட்டியே வேலையைப் பிரித்து வைத்துவிடுகிறார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை வந்தது. வலையும் படகும் கறுத்துப் போயின. உங்கள் வீட்டு ஆண்களே படகில் போய் எண்ணெயைக் கையால் அள்ளினார்கள். அந்தப் படங்கள் எல்லா இடத்திலும் வந்தன. எந்த மதகு வழியாக வெளியேறியது, யாருக்கு எப்போது தெரியும், கழிமுகத்தில் இறாலும் நண்டும் எத்தனை மாதம் கழித்துத் திரும்பும் என்ற கேள்விகள்தான் செய்தியின் உயிர். உங்கள் அரை மணி நேரப் பேச்சில் அவற்றுக்கான பதில்கள் பாதியாவது இருந்திருக்கும். வெட்டி எறிந்தது அதைத்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். மணலியின் சுத்திகரிப்பு ஆலை ஒன்றிய அரசின் பொதுத்துறை நிறுவனம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநில அரசின் கையில் இருக்கிறது. இரண்டு கட்சிக்காரர்களும் எதிராளியைக் கைகாட்ட வசதியான விபத்து. ஒரு செய்தியைப் படித்து முடித்ததும், இந்த இருவரில் யாரிடம் கேள்வியே கேட்கப்படவில்லை என்று பாருங்கள். எழுதியவரின் சாய்வு அங்கே தெரிந்துவிடும்.

அதே மாதம் 26ஆம் தேதி இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் உர ஆலையின் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி ஓடியவர்களைப் படம் பிடிக்கக் கூட்டம் கூடியது. பிறகு ஆலையை மூடச் சொல்லி மக்கள் பந்தல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அந்தப் பந்தலுக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வந்த நிருபர்கள் யார் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அவர்கள் பெயரைக் குறித்து வையுங்கள், அவர்கள் எழுதுவதைத் தேடிப் படியுங்கள். நம்பிக்கையைப் பத்திரிகையின் பெயர்மேல் வைப்பதைவிட, திரும்பி வரும் நிருபர்மேல் வைப்பது மேல். இத்தனை ஆண்டு வேலையில் நான் உறுதியாகக் கற்றது இது ஒன்றுதான்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவை எப்படிச் சோதிப்பது? (டீக்கடைக்காரர், திருவொற்றியூர்)

உங்கள் கடைக்கு வடமாநிலத் தம்பிகள் நிறைய வருவார்கள். 2023 மார்ச் நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு ஊர்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளின் காட்சிகள் அவை. பயந்துபோய்ப் பலர் ரயில் ஏறினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. அன்று உங்கள் கடை வாசலில் நின்ற தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், உண்மை தெரிந்திருக்கும். வீடியோவில் ஊர், தேதி, எடுத்தவர் பெயர் மூன்றும் இல்லையென்றால் யாருக்கும் அனுப்பாதீர்கள். கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, பேச்சு எந்த ஊர்ப் பேச்சு என்று பார்த்தாலே பாதிப் பொய் உடைந்துவிடும்.

கேள்வி: எங்கள் பகுதி என்றாலே ரவுடி, கஞ்சா, கத்தி. வேறு செய்தியே இல்லையா? (ஆட்டோ ஓட்டுநர், புளியந்தோப்பு)

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்குக் குறைவு தம்பி. அந்தத் தலைப்புகளில் சிலவற்றை வைத்தது நான். காவல் துறை தரும் குறிப்பு தினமும் தவறாமல் மேசைக்கு வரும். கேரம் போட்டியில் ஜெயித்த பெண்ணைப் பற்றியோ, குத்துச்சண்டை பழகும் பையன்களைப் பற்றியோ யாரும் குறிப்பு அனுப்புவதில்லை, ஒருவர் நேரில் போக வேண்டும். போக ஆள் போடவில்லை. அடையாற்றில் நடக்கும் கொலைக்குத் ‘தென்சென்னை ரவுடி’ என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை. அது இன்றும் என்னைச் சுடுகிறது.

கேள்வி: காசு வாங்கிக்கொண்டு போடும் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது? (மளிகைக் கடைக்காரர், கொருக்குப்பேட்டை)

தேர்தல் நேரத்தில் இரண்டு பத்திரிகைகளை அருகருகே விரியுங்கள். ஒரே வேட்பாளர், ஒரே படம், வரிக்கு வரி ஒரே வாசகம் என்றால் அது எழுதிக் கொடுக்கப்பட்டது. இதற்கென மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் ஊடகக் கண்காணிப்புக் குழு உண்டு. சென்னைக்கு மாநகராட்சி ஆணையர்தான் மாவட்டத் தேர்தல் அதிகாரி. வெட்டி எடுத்த பக்கத்தோடு ரிப்பன் மாளிகைக்கு மனு கொடுங்கள்.

கேள்வி: தவறாக எழுதினால் எங்கே புகார் செய்வது? (ஆசிரியை, பெரம்பூர்)

முதலில் அந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கு எழுதுங்கள். சரியான பதில் இல்லையென்றால் டெல்லியில் உள்ள இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்கு. நாளிதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள். கவுன்சில் கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது. டிவி அதன் வரம்பிலேயே இல்லை. இது பெரிய ஓட்டை.

கேள்வி: பத்திரிகைக்காரர்கள் பயந்து எழுதுகிறார்களா? (கல்லூரி மாணவர், வண்ணாரப்பேட்டை)

பயப்படக் காரணங்கள் உண்டு. 1987இல் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. 2003 நவம்பரில் அதே மன்றம் ‘தி இந்து’வினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்றது. உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2007 மே 9 அன்று ஒரு கருத்துக்கணிப்பை ஒட்டி மதுரை தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு ஊழியர்கள் மூன்று பேர் இறந்தார்கள். 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. ஆட்சியில் இருந்தவர்கள் மாறினார்கள், பழக்கம் மாறவில்லை.

ஆனால் நான் தினமும் பார்த்த பயம் விளம்பரத்தைப் பற்றியது. ஒரு நிருபர் இரண்டு வாரம் அலைந்து, கட்டுமான நிறுவனம் ஒன்று நீர்நிலையை மூடுவதை எழுதிக் கொண்டுவந்தார். விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு போன் வந்தது. அரைப் பக்கச் செய்தி ஆறு வரியானது. வெட்டிய கை என்னுடையது. அந்த நிருபர் அதன் பிறகு என்னிடம் பேசவில்லை, அது நியாயம்தான்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். நிருபராக வேண்டும். நேர்மையாக இருந்தால் இந்த வேலையில் பிழைக்க முடியுமா? (மாணவி, வியாசர்பாடி)

சம்பளம் குறைவு மகளே, அலைச்சல் அதிகம். ஆனாலும் முடியும், அப்படி இருப்பவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். வேலை கிடைக்கும்வரை காத்திருக்காதே. உன் வீட்டுக்குப் பக்கத்தில் கொடுங்கையூர் குப்பைமேடு இருக்கிறது. அங்கே கடந்த ஓராண்டில் எத்தனை முறை தீப்பிடித்தது, காற்றின் தரத்தை யார் எங்கே அளந்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் அந்தக் காகிதத்தோடு குப்பைமேட்டை ஒட்டிய தெருக்களில் வீடு வீடாகப் போய், அது உண்மையா என்று கேள். மனுவை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை படிப்பகத்துக்கு வா. உட்கார்ந்து சேர்ந்து திருத்துவோம்.